ஆயக்காரனின் முதுகு

பார்க்கிறவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான் ஒருவன். குட்டையான செந்நிற அங்கி, வெறுங்கால், திரண்ட கெண்டைச்சதை. ஒரு கையை விரித்து நீட்டுகிறான். மறு கை தனக்கு வலப்புறம் தெரியும் கட்டடத்தைக் காட்டுகிறது. அவனை எதிர்கொண்டு வளையமாக நிற்கிறவர்கள் எல்லோருக்கும் தலையில் ஒளிவட்டம் உண்டு. அவனுக்கு இல்லை. அவன் ஆயக்காரன், வரி வசூலிக்க வந்தவன். ஃப்ளாரன்ஸில் ஆர்னோ நதியின் தென்கரையில், ஸாந்தா மரியா தெல் கார்மினே கோவிலில், பிரான்காச்சி குடும்பத்தாரின் சிற்றாலயத்து இடச்சுவரில், சுமார் 6 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் உயரமுமாக, 1425-27ஐ ஒட்டிய ஏதோ ஒரு சமயத்தில் மஸாச்சியோ ஈரச் சுதையின்மேல் வரைந்த 'வரிப்பணம்' என்ற சித்திரம் இது. நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன். அச்சுப்படத்தை வைத்துக்கொண்டு எழுதுகிறவன் அடக்கமாக இருக்கவேண்டும் என்பது தெரியும். ஆனால் படத்தைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்கப் படிக்க அந்த அடக்கம் குறைந்துகொண்டே வருகிறது.

கதை மத்தேயுவின் சுவிசேஷத்தில் மட்டும் வருவது. 17ஆம் அதிகாரத்தின் கடைசி நான்கு வசனங்கள். கப்பர்நகூமில் கோவில் வரி வாங்குகிறவர்கள் பேதுருவிடம் வந்து, உங்கள் போதகர் வரி கட்டுவதில்லையா என்று கேட்கிறார்கள். கட்டுவாரே என்று சொல்லிவிட்டு அவன் வீட்டுக்குள் வருகிறான். அவன் வாய் திறக்குமுன் இயேசு கேட்கிறார்: ராஜாக்கள் வரி வாங்குவது சொந்தப் பிள்ளைகளிடமா, அந்நியரிடமா? அந்நியரிடம்தான். அப்படியானால் பிள்ளைகள் கட்டவேண்டிய அவசியமில்லை. ஆனாலும் இவர்களுக்கு இடறலாக இருக்கவேண்டாம். போய்த் தூண்டில் போடு, முதலில் அகப்படும் மீனின் வாயைத் திறந்து பார், ஒரு வெள்ளிக்காசு இருக்கும், எனக்கும் உனக்குமாகச் சேர்த்துக் கட்டிவிடு. அவ்வளவுதான். பேதுரு போனானா, மீன் அகப்பட்டதா, காசு இருந்ததா என்று மத்தேயு எழுதவில்லை. நடந்ததாகவே சொல்லப்படாத ஓர் அற்புதம் இது. இராயனுக்குரியதை இராயனுக்குக் கொடுங்கள் என்ற பிரசித்தமான விஷயத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ரோம அரசாங்கத்துக்குக் கட்டும் வரி, இது எருசலேம் ஆலயத்துக்குக் கட்டும் வரி. இதை எழுதி வைத்த மத்தேயு ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தவன் என்பது திருச்சபையின் மரபு. பணத்தோடு பழகியவனுக்குத்தான் இப்படி ஒரு கதை ஞாபகத்தில் நிற்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தினமும் காசாளர் கூண்டுக்குள் உட்கார்ந்து ரூபாய் எண்ணுகிறவனின் பாரபட்சமாகவும் இது இருக்கலாம்.

மஸாச்சியோ மூன்று கணங்களை ஒரே வெளியில் வைக்கிறான். நடுவில் இயேசு, சீடர்கள், ஆயக்காரன். இயேசு கையை நீட்டி ஏரியைக் காட்டுகிறார். பக்கத்தில் பேதுருவும், நான் அங்கேயா போகவேண்டும் என்பதுபோல, அதே திசையில் கையை நீட்டுகிறான். அவன் முகத்தில் பக்தி இல்லை. சிடுசிடுப்பு. இடக்கோடியில், தூரத்தில், மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டுக் கரையில் குந்தி மீனின் வாயிலிருந்து காசை எடுக்கிறான். வலக்கோடியில், முன்னணியில், கட்டடத்தின் தூணருகே ஆயக்காரன் கையில் அதை வைத்து அழுத்துகிறான். கண் இயல்பாக ஓடும் வரிசையில் கதை ஓடவில்லை. நடுவில் தொடங்கி இடப்பக்கம் போய், பிறகு அத்தனை பேரையும் தாண்டி வலப்பக்கம் வருகிறது.

குறியீடு தேடுகிறவர்களுக்கு இந்தப் படம் நல்ல விளைநிலம். மீன் கிறிஸ்து: கிரேக்க மொழியில் மீன் என்ற சொல்லின் எழுத்துக்கள், இயேசு கிறிஸ்து, தேவகுமாரன், இரட்சகர் என்ற சொற்களின் முதலெழுத்துக்கள். ஆதித் திருச்சபையின் உரைகாரர்கள் கடலை மரணமாக்கி, அதிலிருந்து முதலில் மேலே வந்த மீனை உயிர்த்தெழுந்தவராக்கி, காசை நம்மை மீட்கக் கொடுத்த விலையாக்கிவிட்டார்கள். அடுத்தது பேதுரு. மூன்று இடத்திலும் வருகிறவன் அவன். சிற்றாலயம் முழுவதும் அவன் கதை. ஒரே காசு எனக்கும் உனக்கும் என்று சொன்னதால், போப்பின் தலைமைக்கு அதில் ஆதாரம் கண்டவர்கள் உண்டு. ஒரே நேரத்தில் மூன்று பேர் நான்தான் போப் என்று சொல்லிக்கொண்டிருந்த கேவலம் 1417இல்தான் முடிந்திருந்தது. அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்தாம் மார்ட்டின் ரோமுக்குப் போகுமுன் ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஃப்ளாரன்ஸில்தான் தங்கியிருந்தார். ஆகவே பேதுருவின் அதிகாரம் என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு ஏட்டு விஷயம் அல்ல.

மூன்றாவது வியாக்கியானம்தான் நம் காலத்தவர்களுக்குப் பிடித்தது. 1423இலிருந்து ஃப்ளாரன்ஸ் மிலான் நகரத்தோடு யுத்தத்தில் இருந்தது. 1424இல் ஸாகொனாராவில் படுதோல்வி. கூலிப்படைகளுக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். அதுவரை நடந்தது கட்டாயக் கடன் முறை. யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கிறவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களைத் தப்பவிட்டு வேண்டாதவர்கள் தலையில் ஏற்றுவார்கள். இதைச் சீர்செய்ய வெகுநாள் வாதப் பிரதிவாதத்துக்குப் பின் 1427 மே மாதம் நிறைவேறியதுதான் கட்டாஸ்டோ என்ற சட்டம். ஒவ்வொரு குடும்பத் தலைவனும் தன் சொத்து, கடன், வீட்டில் உள்ளவர்கள் பெயர், வயது எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கவேண்டும். நிலத்தின் விளைச்சலை 7 சதவீத வருமானமாகக் கொண்டு முதல் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். குடியிருக்கும் வீட்டுக்கு வரி இல்லை. கொடுக்கவேண்டிய கடன்களையும், வீட்டில் சாப்பிடும் ஒவ்வொரு வாய்க்கும் 200 ஃப்ளாரினையும் கழித்து, மிச்சத்தில் 0.5 சதவீதம். ஃப்ளாரன்ஸின் ஆட்சிக்குட்பட்ட ஊர்களையும் சேர்த்து ஏறக்குறைய 60,000 குடும்பங்களின் விவரம் பதிவானது. அந்தப் பேரேடுகள் இன்றும் ஃப்ளாரன்ஸ் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. எந்த மகாகாவியத்துக்கும் குறையாத புஸ்தகம் அது என்று நான் சொன்னால் இலக்கிய நண்பர்கள் சிரிப்பார்கள்.

ஆக, படம் வரிச் சட்டத்துக்கு விளம்பரம். தெய்வமே வரி கட்டியபோது உனக்கென்ன என்று பட்டு வியாபாரி ஃபெலிச்சே பிரான்காச்சி ஊராருக்குச் சொல்லுகிறான் என்பது ஒரு கட்சி. இல்லை, கட்டவேண்டியது கோவில் சொத்துக்கும் பாதிரிமாருக்கும் என்பதே தாத்பரியம் என்பது இன்னொரு கட்சி. காலக் கணக்கு சரியாகப் பொருந்தவில்லை. சட்டம் வருவதற்குள் சித்திரம் முடிந்திருக்க நிறைய சாத்தியம் உண்டு. அதைக்கூட விட்டுவிடலாம், பேச்சு முன்பே அடிபட்டுக்கொண்டிருந்ததே என்பார்கள். எனக்குள்ள ஆட்சேபம் வேறு. வரி கட்டு, காசு மீன் வாயில் கிடைக்கும் என்று சொல்கிற அரசாங்கத்தை எந்த வியாபாரி நம்புவான்? விளம்பரம் என்றால் அது மகா மட்டமான விளம்பரம்.

இந்த வியாக்கியானங்கள் எதுவும் முழுப்பொய் அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் சுவரை விட்டுவிட்டு, சுவருக்குப் பின்னால் எதையோ தேடிப் போகிறது. நம்மிடமும் இந்த வியாதி உண்டு. கவிதையில் ஒரு மரம் வந்தால் அது மரமாக ஒரு நிமிஷம்கூட நிற்க முடிவதில்லை. விமர்சகன் வந்து அதைத் தனிமையாகவோ வர்க்கமாகவோ மாற்றிவிட்டுப் போகிறான். குறியீடு என்பது பொருளை எடுத்துவிட்டு அர்த்தத்தை வைப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பொருளின் கனம் குறையாமல் இருந்தால்தான் அர்த்தம் அதன்மேல் உட்கார முடியும். இதை நான் கற்றுக்கொண்டது எந்தக் கவிதைக் கோட்பாட்டிலிருந்தும் அல்ல, இந்தப் படத்தில் உள்ள ஒளிவட்டங்களிலிருந்து.

ஒளிவட்டம் சுத்தமான குறியீடு. அதற்கு உடம்பு கிடையாது. மஸாச்சியோவுக்கு முந்தியவர்கள் பெரும்பாலும், முகம் எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னால் ஒரு முழுப்பொன் வட்டத்தை நிறுத்திவிடுவார்கள். முகம் இந்த உலகத்தில் திரும்பும்; வட்டம் வேறு உலகத்தில் அசையாமல் இருக்கும். மஸாச்சியோ வட்டத்தைத் தலையில் கவிழ்த்த தட்டுபோல ஆக்கிவிடுகிறான். தலை சாய்ந்தால் தட்டும் சாய்கிறது, பக்கவாட்டில் திரும்பினால் குறுகி நீள்வட்டமாகிறது. புனிதம் என்று ஒன்று இருக்கிறதா, இருக்கட்டும். ஆனால் அதுவும் கழுத்தின் அசைவுக்குக் கட்டுப்படட்டும். தூரத்தைக் கணக்கிட்டு வரையும் வித்தை அப்போதுதான் ப்ரூனெல்லெஸ்கியின் கையில் உருவாகிக்கொண்டிருந்தது. அதை ஒரு கட்டடத்தைச் சரியாகக் காட்டுவதற்கு உபயோகிப்பது சாமர்த்தியம். ஒளிவட்டத்தின்மேல் உபயோகிப்பது சாமர்த்தியத்துக்கு மேற்பட்ட விஷயம்.

1423இல், இதே ஊரில், ஜென்டிலே தா ஃபாப்ரியானோ 'மூன்று அரசர்களின் வணக்க'த்தை முடித்துக் கொடுத்தான். வரைவித்தவர் பல்லா ஸ்த்ரோஸ்ஸி. 1427 பேரேட்டின்படி ஊரிலேயே பெரிய பணக்காரர். படம் முழுவதும் தங்கம்: கிரீடம், உடை, குதிரையின் சேணம், எல்லாம் நிஜத் தங்கத் தகடு. அழகான படம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதில் தங்கம் தங்கத்தையே குறிக்கிறது. அந்தக் காலத்தில் தகடு அடிப்பவர்கள் செலாவணி நாணயத்தையே சம்மட்டியால் அடித்து மெல்லிய இதழ்களாக்கிச் சித்திரக்காரனுக்கு விற்பார்கள். ஒரு நாணயத்தில் எத்தனை இதழ் எடுக்கலாம் என்று சென்னினோ சென்னினி தன் தொழில் நூலில் யோசனை சொல்லியிருக்கிறார். ஆக, ஒளிவட்டம் என்பதே அடித்துப் பரப்பிய காசு. காசைப் பற்றிய படத்தில் மஸாச்சியோ தலைகளுக்கு மட்டும் பொன்னை வைத்துவிட்டு, மற்ற இடமெல்லாம் மண்ணின் நிறங்களோடு நின்றுவிட்டான்.

இப்போது ஆயக்காரனுக்கு வரலாம். சுவிசேஷத்தில் ஆயக்காரர்கள் இயேசுவைச் சந்திக்கவே இல்லை. வாசலில் பேதுருவோடு பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். மற்றப் பேச்சு வீட்டுக்குள் நடக்கிறது. மற்றச் சீடர்கள் அங்கே இருந்ததாகவும் கதையில் இல்லை. மஸாச்சியோ வீட்டை எடுத்துவிட்டான். வெட்டவெளி, இலையில்லாத மரங்கள், பின்னால் மலை. பல பேர் ஒருவனாகிறார்கள். அந்த ஒருவனைக் கொண்டுவந்து இயேசுவுக்கு நேர் எதிரில் நிறுத்துகிறான். தலைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. ஆயக்காரன் தலையும் அதே மட்டம்தான். படத்தின் கோடுகள் எல்லாம் ஓடிச் சேரும் புள்ளி இயேசுவின் தலையில் இருக்கிறது. அந்த முகத்தை வரைந்தது கூட்டாளி மஸோலினோ என்று பல நிபுணர்கள் சொல்லுகிறார்கள்; மற்ற முகங்களைவிட மிருதுவாக இருப்பது அச்சிலேயே தெரிகிறது. நாம் நிற்கும் இடம் ஆயக்காரனுக்குப் பின்னால். அவன் எந்தப் பக்கம் பார்க்கிறானோ அந்தப் பக்கம்தான் நாமும் பார்க்கிறோம். முதுகுக்குப் பின்னால் நிற்கிறவன் அந்த மனிதனின் வரிசையில் நிற்கிறவன். ஒளிவட்டம் இல்லாதவர்கள் இந்த இடத்தில் அவனும் நாமும்தான்.

அற்புதம் தூரத்தில் சிறிதாக நடக்கிறது. மீனின் வாய்க்குள் விரலை விடும் பேதுருவுக்குக் குந்தியிருந்த சிரமத்தால் முகம் சிவந்திருக்கிறது. இதை வஸாரியே 16ஆம் நூற்றாண்டில் கவனித்து எழுதிவிட்டார். வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்தை நடுவில் வைத்து நாலு தேவதூதர்களையும் பறக்கவிட்டிருப்பான். மஸாச்சியோ பெரிதாகக் காட்டுவது கொடுக்கல் வாங்கலை. அந்தக் கைகளைப் பாருங்கள். கொடுக்கிறவன் காசைப் போடவில்லை, அழுத்துகிறான். வாங்குகிறவன் ஒரு கையில் கோலைப் பிடித்துக்கொண்டு மறு கையை ஏந்துகிறான். தினமும் நூறு கைகளில் பணம் கொடுக்கிறவன் நான். பணம் கை மாறும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு பேர் கண்ணும் கையில்தான் இருக்கும். கடன் தீர்க்க வருகிறவன் கொடுக்கும் விதம் வேறு, அபராதம் கட்ட வருகிறவன் கொடுக்கும் விதம் வேறு. பேதுரு கொடுப்பது இரண்டாவது தினுசு. கட்டவேண்டியதில்லை என்று தெரிந்துகொண்டு கட்டுகிறவனின் கை அது. பிள்ளைகளுக்கு வரி இல்லை, ஆனாலும் கட்டிவிடு. இந்த 'ஆனாலும்' என்ற சொல்லை எப்படி வரைவது? மீனை வரைந்தால் அது வராது, காசை வரைந்தாலும் வராது. உள்ளங்கையை அழுத்தும் கட்டைவிரலில்தான் வரும். குறியீடு தேடிப் போனவர்கள் மீனோடு நின்றுவிட்டார்கள்.

இதே சிற்றாலயத்தில், ஜன்னலுக்கு இடப்பக்கம் கீழ்வரிசையில், 'பேதுரு தன் நிழலால் நோயாளிகளைக் குணமாக்குதல்' என்ற அவனுடைய இன்னொரு படம் இருக்கிறது. ஃப்ளாரன்ஸின் சாதாரணத் தெரு. பேதுரு நடந்து வருகிறான். நோயாளிகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நிழல் மட்டும் அவர்கள்மேல் விழுகிறது. சூம்பிய காலோடு தரையில் கிடப்பவன் ஒருவன், எழுந்துகொண்டிருப்பவன் ஒருவன், எழுந்து நின்றுவிட்டவன் ஒருவன். நிழலை விடக் கனமற்ற ஒன்று உண்டா? ஆனால் அது விழும் திசையைப் பார்க்கவேண்டும். சிற்றாலயத்தில் நிஜமாக உள்ள ஜன்னலிலிருந்து வெளிச்சம் வந்தால் எப்படி விழுமோ அப்படி விழுகிறது. 'வரிப்பண'த்திலும் வெளிச்சம் அதே ஜன்னல் பக்கத்திலிருந்துதான். சீடர்களின் நிழல்கள் அத்தனையும் இடப்பக்கம் சாய்கின்றன. பிரார்த்தனைக்கு வந்து நிற்கிறவன்மேல் விழும் வெளிச்சமும் பேதுருவின்மேல் விழும் வெளிச்சமும் ஒன்றே. இதை நம்பவைக்க ஈரச் சுதையில் முப்பது சொச்சம் நாள் வேலை. அன்றன்றைக்குப் பூசிய சுதை காய்வதற்குள் அன்றன்றைய பகுதியை முடித்துவிடவேண்டும். மாலையில் கணக்கு நேராகாமல் வீட்டுக்குப் போக முடியாத உத்தியோகஸ்தர்களுக்கு இது புரியும்.

சிற்றாலயத்தின் பிற்காலக் கதை பணத்தையும் அதிகாரத்தையும் பற்றியதுதான். ஃபெலிச்சே பிரான்காச்சி 1431இல் பல்லா ஸ்த்ரோஸ்ஸியின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டான். 1434இல் மெடிச்சி குடும்பத்தின் கை ஓங்கியதும் மாமனாரும், பிறகு மருமகனும் நாடு கடத்தப்பட்டார்கள். வேறொரு சித்திரத்தில் இருந்த பிரான்காச்சிகளின் முகங்களைச் சுரண்டிவிட்டதாகக் கருதுகிறார்கள். அரைகுறையாக நின்ற வேலையை அரை நூற்றாண்டு கழித்து ஃபிலிப்பினோ லிப்பி முடித்தான். 1771இல் கோவிலில் தீ. அப்போது படிந்த கரியும் பழைய மெழுகும் 1980களில் நடந்த துப்புரவில்தான் நீங்கின. அதுவரை பழுப்பு என்று நாம் மெய்மறந்த நிறமெல்லாம் அழுக்கு என்று தெரிந்தது. மஸாச்சியோவின் இருண்ட வர்ணங்களில் ஆழ்ந்த துக்கத்தைக் கண்டு எழுதப்பட்ட பக்கங்கள் எத்தனை! இன்று அங்கே போகிறவன் சீட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும்.

வஸாரி மஸாச்சியோவைப் பற்றி எழுதும்போது, உலக விஷயங்களில் சிரத்தையில்லாதவன், தனக்கு வரவேண்டிய பணத்தைக்கூட முடைவந்தால் ஒழியக் கேட்கமாட்டான் என்கிறார். கலைஞன் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்ற ஆசை வஸாரி காலத்திலேயே தொடங்கிவிட்டது போலிருக்கிறது. கட்டாஸ்டோவுக்கு 1427 ஜூலையில் மஸாச்சியோ எழுதிக் கொடுத்த கணக்கு இருக்கிறது. அதில் அவன் பணம் வரவேண்டியவன் அல்ல, கொடுக்கவேண்டியவன். வயது 25. தம்பி ஜொவான்னிக்கு 20. தாய், இரண்டு முறை விதவையானவள், 45. வருஷத்துக்கு 10 ஃப்ளாரின் வாடகையில் வீடு. பட்டறையில் ஒரு பங்குக்கு 2 ஃப்ளாரின். நிக்கொலோ என்ற சித்திரக்காரருக்கு 102 லீரா சொச்சம் கடன். தங்கத் தகடு அடிக்கும் பியரோவுக்கு 6 ஃப்ளாரின். கூட வேலை செய்தவனுக்குச் சம்பள பாக்கி. சிங்கம், பசு என்று அடையாளம் போட்ட அடகுக்கடைகளில் பல தடவையாக வைத்த பொருள்களுக்குக் கடன். தாய்க்கு இரண்டாவது புருஷன் வழியில் வரவேண்டிய வரதட்சிணைப் பணம் இன்னும் வந்துசேரவில்லை. குடும்பத்தில் மூன்று வாய். அதற்கான கழிவு போனால் வரி போட மிச்சம் ஒன்றுமில்லை.

கார்மினே சுவரில் காசை அழுத்திக் கொடுக்கும் கையை வரைந்தவன் இந்தக் கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது எதிரில் உட்கார்ந்திருந்த எழுத்தர் அவனை நிமிர்ந்து பார்த்திருக்கமாட்டார். அடுத்த வருஷமே ரோமுக்குப் போன இடத்தில் மஸாச்சியோ இறந்துபோனான். 1429ஆம் வருஷத்துப் பதிவேட்டில் அவன் பெயருக்கு அருகே, ரோமில் செத்துப்போனதாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்று யாரோ ஒரு எழுத்தர் குறித்துவைத்திருக்கிறார். 1430இல் தன் கணக்கை எழுதிக் கொடுத்த நிக்கொலோ, மஸாச்சியோவிடமிருந்து வரவேண்டியதையும் அதில் சேர்த்திருக்கிறார். ஆள் ரோமில் இறந்துவிட்டான், அவன் தம்பி நான் வாரிசு அல்ல என்கிறான், ஏதாவது தேறுமா என்று தெரியவில்லை என்று.